நான்கு மணி நேர முத்து

பபிள் டீ விற்கும் தைவான் கடைகளில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு டைமர் ஓடிக்கொண்டிருக்கும். டீ ஊறுவதற்கு ஒன்று இருக்கலாம்; நான் சொல்வது கோப்பையின் அடியில் கிடக்கும் கறுப்பு உருண்டைகளுக்கான டைமரை. வேகவைத்து இறக்கி ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிடுவது ஒழுங்கான கடைகளின் வழக்கம். அதற்குள் எதுவும் ஊசிப்போயிருக்காது. வாசனைகூட மாறியிருக்காது. ஆனால் வாயில் போட்டால் மேலே கொழகொழவென்றும் நடுவில் மாவுக்கட்டியாகவும் இருக்கும். நேற்று மீந்த ஜவ்வரிசிப் பாயசத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாயசத்தை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. தைவான்காரர்கள் ‘முத்து’ என்று அழைக்கும் இந்த உருண்டையும் சேலத்து ஜவ்வரிசியும் ஒரே பண்டம். இரண்டுமே மரவள்ளிக் கிழங்கு மாவை உருட்டிச் செய்தவை. அளவும் நிறமும்தான் வேறு. நம் வீட்டில் பாயசத்திலும் வடாமிலும் முடிந்துபோகிற அந்த மாவை வைத்து, தைவானின் சின்னச் சின்னக் கடைகள் உலகம் முழுக்கப் பரவிய ஒரு பானத்தைச் செய்தன. அந்தக் கடைகளின் ஓட்டம், இயந்திரங்கள், அவசரம் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த உருண்டையின் குறுகிய ஆயுள்தான்.

தைவானில் இந்த டீ கிடைக்கும் இடங்கள் இரண்டு வகை. மேஜை நாற்காலி போட்டு, நூடுல்ஸும் டோஃபுவும் சிறு தட்டுகளில் தொடுகறியும் பரிமாறும் டீ இல்லங்கள் ஒன்று. தெருவைப் பார்த்துத் திறந்த கவுன்ட்டர், அதற்குப் பின்னால் இரண்டு மூன்று இளைஞர்கள், உட்கார இடமே கிடையாது என்பது இன்னொன்று. எண்ணிக்கையில் இரண்டாவது வகைதான் அதிகம். முறை வந்ததும் நான்கு விஷயங்களைச் சொல்லவேண்டும்: என்ன டீ, எந்த அளவு, எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு ஐஸ். சர்க்கரையில் முழுசு, பத்துக்கு ஏழு, பாதி, பத்துக்கு மூன்று, வேண்டவே வேண்டாம் என்று ஐந்து படிகள். ஐஸிலும் ஏறக்குறைய அப்படித்தான். மெனு பலகையில் அசாம், சிலோன் என்ற பெயர்கள் சீன எழுத்தில் எழுதியிருக்கும். பால் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விழிப்பு தேவை. வெறும் ‘பால் டீ’ என்றால் பல கடைகளில் அது க்ரீமர் பவுடர். நிஜப் பால் ஊற்றியது தனி வரியில், கூடுதல் விலையில் இருக்கும்.

இனி முத்துக்கு வருவோம். மரவள்ளி தென் அமெரிக்கக் கிழங்கு. சேலம் பக்கம் அதைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். தோலை உரித்து, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டால் மாவு அடியில் படியும். அந்த ஈர மாவை உதிர்த்துத் துணியில் போட்டுக் குலுக்கினால் சின்ன உருண்டைகளாகத் திரளும். சலித்து, சூடான தட்டில் வாட்டி, வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து சேகோ என்னும் ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943 வாக்கில் சேலத்தில் தொடங்கிய தொழில் இது. 1981-இல் உற்பத்தியாளர்களுக்காக சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தைவானில் ஒரு காலத்தில் இந்த உருண்டையைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் செய்து, சீவிய ஐஸின் மேல் போட்டு விற்றார்கள். இப்போது பெரும்பாலும் தாய்லாந்து மரவள்ளி மாவு. தொழிற்சாலையில் சுழலும் உருளைக்குள் ஈர மாவைப் போட்டு, தண்ணீர் தெளித்து, மறுபடி உலர்ந்த மாவைத் தூவி, உருள உருளப் பருக்கவிடுவார்கள். ஏழெட்டு மில்லிமீட்டர் வந்ததும் சல்லடையில் பிரித்தெடுப்பார்கள். கறுப்பு நிறம் கிழங்கினுடையது இல்லை. கேரமல் சாயமோ பழுப்புச் சர்க்கரையோ சேர்ந்து வந்தது.

கையாலும் உருட்டலாம், ஒரு நிபந்தனையோடு. பச்சைத் தண்ணீரை ஊற்றினால் மரவள்ளி மாவு கைக்கு அடங்காது. அழுத்தினால் கல்லாக இறுகும். விட்டால் விரலிடுக்கில் வழிந்தோடும். கொதிக்கிற சர்க்கரைத் தண்ணீரை ஊற்றவேண்டும். அப்போது மாவில் ஒரு பகுதி உடனே வெந்து பசையாகி, வேகாத மீதியைப் பிடித்துக்கொள்கிறது. பாதி வெந்து பாதி வேகாமல் இருக்கிற இந்த நிலையில்தான் மாவு உருட்ட வரும்.

மாவு வேகும்போது உள்ளே நடப்பது என்ன? ஸ்டார்ச் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளின் குவியல். ஒவ்வொரு மணிக்குள்ளும் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். கிளையில்லாத நேர்ச் சங்கிலிக்கு அமைலோஸ் என்று பெயர். கிளை கிளையாகப் பிரிந்ததற்கு அமைலோபெக்டின். குளிர்ந்த தண்ணீர் இந்த அடுக்குக்குள் எளிதில் புகமுடியாது. 60, 70 டிகிரி செல்சியஸ் வந்ததும் அடுக்கு குலைகிறது, தண்ணீர் உள்ளே பாய்கிறது, மணி உப்பிப் பசையாகிறது. மரவள்ளி மாவில் அமைலோஸ் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். மக்காச்சோள மாவில் அதைவிட அதிகம். அதனால்தான் சோளமாவுக் கஞ்சி ஆறியதும் கலங்கலாகக் கட்டிப்படுகிறது, மரவள்ளிப் பசை கண்ணாடிபோல் தெளிந்து இழுபடுகிறது. அந்த இழுவையைத்தான் தைவான்காரர்கள் ‘க்யூக்யூ’ என்று சொல்லி ரசிக்கிறார்கள். மீன் உருண்டைக்கும் நூடுல்ஸுக்கும்கூட அவர்கள் தரும் உயர்ந்த பாராட்டு அதுதான்.

கடைக்காரர் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் இதில் காரணம் இருக்கிறது. உருண்டைகளைத் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில்தான் போடவேண்டும். போட்ட மாத்திரத்தில் மேற்பரப்பு வெந்து தோல் கட்டிவிடும். ஆறிய தண்ணீரில் போட்டால் கரைந்து கூழாகும். ஏறக்குறைய அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி இன்னொரு அரை மணி நேரம் அப்படியே விடுவார்கள். சூடும் தண்ணீரும் தோலைத் தாண்டி மையத்துக்குப் போய்ச் சேர அவ்வளவு நேரம் பிடிக்கிறது. வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா? அங்கே இன்னும் வேகவில்லை. பிறகு குளிர்ந்த தண்ணீரில் அலசுவது, ஒட்டிக்கொள்ள வைக்கும் மேற்பசையைக் கழுவத்தான். சர்க்கரைப் பாகில் ஊறப்போடுவது அதற்கும் பிறகு. முதலிலேயே பாகில் வேகவைத்தால் வேலை கெடும். ஸ்டார்ச்சுக்குப் போகவேண்டிய தண்ணீரைச் சர்க்கரை பிடித்துவைத்துக்கொள்ளும். உருண்டை எவ்வளவு கொதித்தாலும் நடு வேகாது.

இவ்வளவு பாடுபட்டு வேகவைத்தது வெந்த நிலையிலேயே நின்றுவிடுவதில்லை. சூடு குறைந்ததும், குலைந்துபோன சங்கிலிகள் மறுபடி ஒன்றையொன்று தேடிப் பக்கத்தில் அடுக்கத் தொடங்குகின்றன. உள்ளே இருந்த தண்ணீர் வெளியே தள்ளப்படுகிறது, நடு விறைக்கிறது. ஒரு நாள் பழைய ரொட்டி விறைத்துப்போவதும் இதனால்தான். உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுச் சூட்டில், இது மிக வேகமாக நடக்கும். இன்னொரு பக்கம், பாகிலிருந்து தண்ணீரை உறிஞ்சி வெளித்தோல் தளர்கிறது. முத்துகளை ஃப்ரிட்ஜில் வைக்காமல் வெதுவெதுப்பான பாகில் வைத்திருப்பது இதற்காகத்தான். பாகின் சர்க்கரை அந்த மறு அடுக்கைத் தாமதப்படுத்தும், ஆனால் தடுக்காது. எனவே சின்னச் சின்ன ஈடாக, நாளுக்குப் பலமுறை வேகவைப்பதைத் தவிர வழியில்லை. கூட்டத்தைச் சரியாகக் கணிக்கத் தெரியாத கடை ஒன்று வாடிக்கையாளரைக் காக்கவைக்கும், இல்லையென்றால் குப்பைத்தொட்டியை நிரப்பும்.

இந்தக் கடிகாரத்தை ஏமாற்ற வேதியியலின் உதவியை நாடியவர்களும் உண்டு. சங்கிலிகள் மறுபடி ஒட்டாதபடி மாற்றியமைத்த, உணவுக்கு அனுமதிக்கப்பட்ட ஸ்டார்ச்சுகள் இருக்கின்றன. சில நிமிடங்களில் வேகும் பாக்கெட் முத்துகள் பலவற்றில் அவை உண்டு. அதோடு நிற்காமல், 2013-இல் தைவான் சந்தையில் மெலீக் அன்ஹைட்ரைடு சேர்த்த ஸ்டார்ச் பிடிபட்டது. உணவில் அனுமதியில்லாத, மெல்லும் பதத்தைக் கூட்டுவதற்காகக் கலந்த பொருள் அது. முத்து, நூடுல்ஸ் என்று பலவற்றைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறவேண்டியிருந்தது. கடைகள் தங்கள் மாவுக்குச் சான்றிதழ் வாங்கி வாசலில் ஒட்டிவைத்த காலம் அது.

டீ பக்கம் வேலை குறைவு. காய்ச்சிய டீயையும் பாலையும் சர்க்கரையையும் ஐஸோடு ஷேக்கரில் ஊற்றிக் குலுக்குகிறார்கள். பெரிய கடைகளில் இதற்கு இயந்திரக் கை இருக்கிறது. குலுக்கலில் டீ சட்டென்று ஆறுகிறது, மேலே நுரை கட்டுகிறது. டீ இலையில் உள்ள சபோனின்கள் அந்த நுரையை உடையாமல் தாங்குகின்றன. சர்க்கரைக்கு ஒரு பொத்தான் பெட்டி: கோப்பை அளவையும் படியையும் அழுத்தினால் சரியான அளவு ஃப்ரக்டோஸ் சிரப் இறங்கும். குளிர் பானத்துக்கு இது பொருத்தம். சாதாரணச் சர்க்கரை ஐஸ் டீயில் மெதுவாகத்தான் கரையும். ஃப்ரக்டோஸோ குளிரக் குளிர இன்னும் இனிப்பாகத் தெரியும்.

கடைசியாக வருகிற இயந்திரம்தான் எனக்குப் பிடித்தது. நிரம்பிய கோப்பையை ஒரு வளையத்தில் வைத்ததும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேலே பிளாஸ்டிக் படலம் நகர்ந்து வருகிறது, சூடான தகடு இறங்கி விளிம்போடு ஒட்டி, சுற்றிலும் வெட்டிவிடுகிறது. சில நொடிகளில் முடிந்துவிடும் வேலை. கவிழ்த்தாலும் சிந்தாது. 2 கோடியே 30 லட்சம் பேர் வாழும் தைவானில் ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் இருசக்கர வாகனங்கள். ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கோ நூடுல்ஸ் கடைக்கோ போகலாம் என்ற வசதியைக் கொடுத்தது இந்தச் சீலிங் மெஷின். உட்கார இடமில்லாத கடை பிழைப்பதும் அதனால்தான். படலத்தைக் குத்தித் திறக்கக் கூர்முனை வைத்த, முத்து ஏறும் அளவுக்கு அகலமான ஸ்ட்ரா. குப்பை பெருகியதும் அரசு தலையிட்டது. சொந்தக் கோப்பை கொண்டுவருவோருக்குக் குறைந்தது 5 தைவான் டாலர் தள்ளுபடி தரவேண்டும் என்ற விதி 2022-இல் வந்தது. அதே ஆண்டின் இறுதியில் தைபேயின் பானக் கடைகளில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் கோப்பைக்குத் தடை வந்தது.

யார் கண்டுபிடித்தது என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. தைச்சுங் நகரில் 1983-இல் டீக்கடை தொடங்கிய லியூ ஹான்-சியே, ஜப்பானில் ஐஸ் காபி குடிப்பதைப் பார்த்து வந்து, டீயையும் காக்டெய்ல் ஷேக்கரில் குலுக்கிக் குளிரவைத்துக் கொடுத்தார். டீ என்றால் சூடாகத்தான் என்றிருந்த ஊரில் அதுவே துணிச்சல். பிறகு அவருடைய சுன் ஷுய் டாங் நிறுவனத்தில் வேலை பார்த்த லின் சியூ-ஹுய் 1980-களின் பிற்பகுதியில் டீக்குள் உருண்டையைப் போட்டார் என்பது ஒரு கட்சி. தைனானின் ஹான்லின் டீ இல்லத்தைத் தொடங்கிய டூ சுங்-ஹோ, சந்தையில் வெள்ளை உருண்டைகளைப் பார்த்து 1986-இலேயே டீயில் சேர்த்தார் என்பது எதிர்க்கட்சி. இரு நிறுவனங்களுக்கும் இடையே வழக்கு பத்தாண்டு நடந்தது. காப்புரிமைக்குரிய பொருள் இல்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம், யார் முதலில் என்று முடிவுசெய்யத் தேவையில்லை என்று 2019-இல் தீர்ப்பு வந்தது. என் கணக்கில் சரியான தீர்ப்பு. யாரும் உரிமை கொண்டாட முடியாததால்தான் மூலைக்கு மூலை கடை வந்தது, பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

குடிக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். 700 மில்லி கோப்பையில் முழுச் சர்க்கரை என்றால் 50 கிராமைத் தாண்டுவது சாதாரணம். பெரியவர் ஒருவர் நாள் முழுதும் எடுத்துக்கொள்ள உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் உச்சவரம்பே ஏறக்குறைய அவ்வளவுதான். பாதி அல்லது பத்துக்கு மூன்று என்று சொல்லுங்கள். முத்திலேயே வேண்டிய பாகு இருக்கிறது. ஐஸைக் குறைக்கச் சொன்னால் முத்து விறைப்பதும் தள்ளிப்போகும். வாங்கியதும் குடித்துவிடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். சிறு குழந்தைகளுக்கு முத்து போடாமல் வாங்கிக் கொடுங்கள். அகலமான ஸ்ட்ராவில் உறிஞ்சும் வேகத்தில் உருண்டை மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இந்த ஆபத்து உண்டு என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2012-இலேயே எச்சரித்திருக்கிறது.