கண்டியில் யான் பெற்ற விருந்து

விருந்து என்னுஞ் சொல்லை இக்காலத்தார் உண்டாட்டுக்கே பெரிதும் வழங்குகின்றனர். முற்காலத்தே அச்சொல் உணவைக் குறித்ததன்று, புதுமையைக் குறித்தது. தொல்காப்பியனார் செய்யுளியலில் வனப்பு எட்டென வகுத்து, அவற்றுள் ஒன்றுக்கு விருந்து எனப் பெயரிட்டமை புலவர் அறிந்ததே. புதுமையைக் குறித்த சொல் பின்னர் வீட்டுக்குப் புதியராய் வந்தவரைக் குறித்து, அதன்பின் அவருக்கிடும் உணவுக்கு ஆயிற்று. ஆகவே, அறிந்தவரைப் பேணுதல் சுற்றந் தழுவல். அறியாதவரைப் பேணுதலே விருந்தோம்பல். திருக்குறளின் 9ஆம் அதிகாரத்தை ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடஞ் சொல்லிவரும் யான், இவ்வேறுபாட்டின் பொருளை ஏட்டிற் கற்றேனல்லேன். கண்டி மாநகரில், வாடகைக்கு அறை விடும் ஒரு சிறு வீட்டிற் கற்றேன்.

1998ஆம் ஆண்டு, பெப்ரவரித் திங்கள். சனவரி 25ஆம் நாள் தலதா மாளிகையின் முன்றிலிலே குண்டு வெடித்துப் பல உயிர்கள் மாண்டன. நாட்டின் சுதந்திரப் பொன்விழாவைக் கண்டியில் நடத்தக் கருதியிருந்த அரசாங்கம், அதனைக் கொழும்புக்கு மாற்றிற்று. ஊரெங்கும் துயரமும் சினமும் ஐயமும் கலந்து நின்ற அவ்வேளையிலேதான், வெளிவாரிப் பட்டப் பரீட்சையின் பொருட்டுப் பேராதனைக்குச் செல்லவேண்டிய கட்டாயம் எனக்கு நேர்ந்தது. மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டு, மகியங்கனை கடந்து, பதினெட்டு வளைவுகளும் ஏறி, வழியெங்குஞ் சோதனைச் சாவடிகளில் இறங்கியேறிக் கண்டியை அடைந்தபொழுது மாலை மங்கிவிட்டது.

விடுதிகள் மூன்றின் வாயிலில் நின்றேன். மூன்றிடத்தும் முகமலர்ச்சியோடு வரவேற்றனர். மூன்றிடத்தும் என் அடையாள அட்டையைக் கண்டபின் அறையில்லை என்றனர். அவரைக் குறைகூற யான் எழுதவில்லை. அச்சம் அன்று யாவர்க்கும் பொதுவாயிருந்தது. ஆயினும் நோக்கு வேறுபட்ட அளவிலே வாடும் விருந்தினனின் உள்ளத்தை வள்ளுவர் அனிச்சத்தினும் மெல்லிதென்று ஏன் கருதினார் என்பது, அன்றைக்கன்றோ எனக்குப் புலனாயிற்று!

நான்காவதாக யான் சென்றது, ஏரியின் மேற்புறத்துச் சரிவில் இருந்த ஓட்டு வீடு. வாயிலில் சிறு பலகை. முற்றத்தில் ஈரப்பலா மரம். அறுபது வயது மதிக்கத்தக்க சிங்கள அம்மையார் ஒருவர் விளக்குடன் வந்தார். மீண்டும் ஒருமுறை முகம் மாறக் காண எனக்கு வலியில்லை. ஆதலின் அட்டையை அவர் கேட்குமுன்னரே, தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், “அம்மா, யான் தமிழன், மட்டக்களப்பிலிருந்து வருகின்றேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு கணம் உற்று நோக்கினார். “மகனே, சாப்பிட்டாயா? முதலிற் கைகால் கழுவிக்கொண்டு வா. பெயரைப் பிறகு எழுதலாம்” என்றார். அம்மா என்ற சொல் இரு மொழிக்கும் பொதுவாயமைந்தது அன்றிரவு எனக்குப் பெரும்பேறாயிற்று.

அவர் காட்டிய அறையின் சுவரிலே இராணுவ உடையணிந்த இளைஞர் ஒருவரின் நிழற்படந் தொங்கிற்று. அவர்தம் ஒரே மகனாம். வன்னிப் போர்முனையில் இருந்தாராம். அவ்விளைஞரின் கட்டிலிலே யான் படுத்திருந்தேன். உறக்கம் வரவில்லை என்பதை ஒளிக்காது சொல்லுகின்றேன். இந்த அம்மையார் நள்ளிரவிலே மனம் மாறினால் என் செய்வது என்றே எண்ணிக் கிடந்தேன். விடியற்காலையில் அவர் கித்துட் கருப்பட்டித் துண்டும் வெறுந்தேநீரும் கொணர்ந்தபோது, என் எண்ணத்துக்காக வெட்கினேன். இடியப்பமும் பருப்புக் கறியும் தேங்காய்ச் சம்பலும் உண்டபின், “வா, பொலிசுக்குப் போவோம்” என்றார். ஒரு கணம் என் குருதி உறைந்தது. குடையை எடுத்துக்கொண்டு அவரே முன்னே நடந்தார். பொலிஸ் நிலையத்தில், இவர் என் வீட்டில் தங்குபவர், இவருக்கு யான் பொறுப்பு என்று சொல்லிக் கையொப்பமிட்டார். ஆறு நாள் அங்கே தங்கினேன். புறப்படும்பொழுது வாடகையைக் கணக்கிட்டுச் சொன்னார்; கொடுத்தேன்; எண்ணிப் பெற்றுக்கொண்டார்.

பணம் பெற்றுக்கொண்டு செய்வது விருந்தோம்பலாகுமோ என வாசகர் வினவலாம். இவ்வினாவை யானும் நெடுங்காலம் என்னுள் எழுப்பியதுண்டு. கண்டி இராச்சியத்தின் வழிகளிலே முன்னாளில் வழிப்போக்கர் தங்குவதற்கு அம்பலங்கள் இருந்தன. கடுகண்ணாவையில் அத்தகையதொன்றைச் சாலையோரத்தே இன்றுங் காணலாம். நமது அம்பலம் என்னுஞ் சொல்லே சிங்களத்தில் ‘அம்பலம’ என வழங்குகின்றது. பருத்தித்துறைத் தெருமூடிமடம் போன்ற நம்மவர் மடங்களும் அவ்வினத்தனவே. ஆங்கே வாடகையில்லை; பெயர் கேட்பாருமில்லை. அவை அறச்செயல்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், இலவசமாக ஊட்டுவதெல்லாம் விருந்தோம்பல் ஆகிவிடாது. இதற்கும் கண்டி வரலாறே சான்று தருகின்றது.

1660இல் மூதூரை அடுத்த கொட்டியாரக் குடாவிலே பிடிபட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், இரண்டாம் இராசசிங்கனின் கைதியாகக் கண்டி நாட்டில் 19 ஆண்டுகள் இருந்தார். அவரைச் சிறைக்கூடத்தில் அடைக்கவில்லை. ஊர்களிலே தங்கவைத்து, ஊரவரே உணவளிக்க வேண்டுமென அரசன் ஆணையிட்டான். கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்தவில் அவர் தமக்கென ஒரு வீடும் அமைத்துக்கொண்டார். இருந்தும், 1679இல் காடுகளூடாகத் தப்பி, மன்னார்ப் பகுதியிலுள்ள அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடஞ் சேர்ந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவரது நூல் உலகறிந்தது. அவருக்கு உணவு இலவசமாகவே கிடைத்தது. ஆனால் போக விரும்பும் நாளிற் போக இயலவில்லை. போக விடாத வீடு விருந்தில்லம் ஆகுமோ?

இதற்கு மறுதலையாய் ஒன்று. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள், கொழும்பு விடுதிகளிலே தங்கியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர், பொலிசாரால் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு அகற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலுக்குத் தடை விதித்தது. அவர்கள் வாடகை கொடுத்துத் தங்கியவர்கள். தங்கும் உரிமையைப் பணம் அவர்க்குக் காத்துத் தரவில்லை.

இவ்விரண்டையும் சீர்தூக்கிய பின்னரே என் ஐயந் தெளிந்தது. அம்மையார் வாடகையை எண்ணிப் பெற்றது என்னை இரவலனாக்காமற் காத்தது, தலைநிமிர்ந்து படியிறங்கினேன். ஆனால், குடையைப் பிடித்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு அவர் நடந்த நடை எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. அதற்கு விலையும் இல்லை. அறைக்கு வாடகையுண்டு, பொறுப்பேற்றலுக்கு வாடகையில்லை. அதுவே விருந்து.

சென்ற ஆண்டு மீண்டும் கண்டிக்குச் சென்றேன். 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்கர் மரபின் உறவினர் குடியிருந்த மலபார் வீதியைக் கண்டேன். அம்மரபின் இறுதி வேந்தன் சிறீ விக்கிரம இராசசிங்கன் 1807இல் அமைத்த ஏரியையும், அதன் கரையில் அலையலையாய்ச் செல்லும் முகிற்சுவரையும் சுற்றி நடந்தேன். கடல் கடந்து வந்த குலத்தினன் அவன். 1815இல் நாடிழந்து, வேலூர்க் கோட்டையிலே 1832இல் மறைந்தான். அரசர்க்கும் தங்குமிடம் நிலையில்லை என்று நினைந்தவாறே சரிவில் ஏறினேன்.

ஈரப்பலா மரம் நின்றது. அம்மையார் இல்லை, காலமாகி ஆண்டுகள் பல என்றார் வாயிலுக்கு வந்தவர். படத்திற் கண்ட முகம், தலை நரைத்திருந்தது. போரிலிருந்து மீண்டு, மனைவியோடு அவ்வீட்டை இப்பொழுது அவரே நடத்துகின்றார். யான் யாரென்று சொன்னேன். சற்றுநேரம் பேசாதிருந்தார். “உங்களைத் தங்கவைத்ததாக அம்மா எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். என் கட்டிலை ஏன் கொடுத்தீர்கள் என்று கோபித்து மறுமொழி எழுதினேன். அதற்கு அம்மா பதில் எழுதவில்லை. அடுத்த விடுமுறைக்கு வந்தபோது, அதே கட்டிலில் எனக்குப் படுக்கை விரித்தார், அவ்வளவுதான்” என்றார். வன்னியில் அவர் கண்டதை யான் கேட்கவில்லை. மட்டக்களப்பில் யாம் பட்டதை அவருங் கேட்கவில்லை. இருவரும் முற்றத்திலிருந்து தேநீர் பருகினோம்.

அன்றிரவு பதிவேட்டை நீட்டினார். என் பெயரைத் தமிழிலேயே எழுதினேன். அவர் அதனைத் தம் பக்கந் திருப்பி, ஒவ்வோரெழுத்தாய் விரல்வைத்து, இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கேட்டு வாசித்தார்.