மிஞ்சியதை எரிப்பதா? வேண்டியதை மட்டும் பெறுவதா?

12 வோல்ட் மின்கலத்தைக் கொண்டு 5 வோல்ட்டில் இயங்கும் கருவியை இயக்க வேண்டுமெனின், இரண்டிற்கும் இடையே மின்னழுத்தச் சீராக்கி ஒன்று தேவை. கைப்பேசிக்கு மின்னேற்றும் பெட்டியிலும், மாணவர் அறிவியற் கண்காட்சிக்குச் செய்யும் சிறு பொறியிலும் இதனைக் காணலாம். ஒரு பெட்டியில் இச்சீராக்கி விரல் வைக்க இயலாதபடி கொதிக்கிறது. மற்றொன்றில் அதே வேலையைச் செய்தும் இளஞ்சூட்டோடு இருக்கிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்தோர் மின்கலத்தை வீணே வறிதாக்கமாட்டார்.

சீராக்கிச் சில்லுகள் இரு வகைப்படும். ஒன்று நேரியல் சீராக்கி. மற்றொன்று விசைமுறைச் சீராக்கி. விசை என்பது ஈண்டு சுவிட்சைக் குறிக்கும்.

நேரியல் சீராக்கிக்குத் தக்க சான்று, 1970-களின் தொடக்கம் முதல் வழக்கிலுள்ள 7805 என்னும் மூன்று கால் சில்லு. இது தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் மின்தடை போன்றது. வேண்டிய 5 வோல்ட்டை வெளியே விட்டு, மிஞ்சிய 7 வோல்ட்டைத் தன்னிடமே தாங்கிக்கொள்ளும். கருவி 1 ஆம்பியர் ஓட்டத்தைக் கேட்டால், மின்கலமும் ஏறத்தாழ அதே 1 ஆம்பியரைத் தந்தாக வேண்டும். மின்கலம் தருவது 12 வாட். கருவி பெறுவது 5 வாட். எஞ்சிய 7 வாட்டும் வெப்பமாகிக் காற்றில் கலக்கிறது. பன்னிரண்டு படி நெல் வாங்கி, ஐந்தைச் சமைத்து, ஏழை அடுப்பிலிட்டு எரிப்பதற்கு இஃது ஒப்பாகும். வெப்பம் தணிக்கும் உலோகத் தகடு இல்லையேல், சூடு மிகுந்து, சில்லு தன்னைக் காக்கும் பொருட்டுத் தானே வேலையை நிறுத்திவிடும்.

விசைமுறைச் சீராக்கி எதனையும் இவ்வாறு தாங்கி நிற்பதில்லை. அதனுள் இருக்கும் டிரான்சிஸ்டர் முழுவதும் திறக்கும். அல்லது முழுவதும் மூடும். மூடிய விசையில் அழுத்தம் மிகக் குறைவாகவே தங்கும். திறந்த விசையில் ஓட்டமே இல்லை. ஆதலின் இரு நிலையிலும் வெப்பம் சிறிதே.

அங்ஙனமாயின், விட்டு விட்டு வரும் மின்சாரம் எவ்வாறு சீராகும்? குயவர் தம் சக்கரத்தை இடைவிடாது தள்ளிக்கொண்டே இருப்பதில்லை. அவ்வப்போது கோலால் ஓர் உந்து கொடுப்பார். சக்கரம் தன் வேகத்தால் சுழன்றுகொண்டிருக்கும். ஈண்டுச் சக்கரத்தின் வேலையைச் செய்வது கம்பிச் சுருள். விசை மூடியபோது அது காந்தப்புலமாக ஆற்றலைச் சேமிக்கும். திறந்தபோது டையோடின் வழியே அதனைக் கருவிக்கு அளிக்கும். எஞ்சிய ஏற்ற இறக்கத்தை மின்தேக்கி சமன்செய்யும். எல்எம்2596 என்னும் சில்லு இவ்வாறு நொடிக்கு 1,50,000 முறை விசையை இயக்குகிறது. 12 வோல்ட்டை 5 ஆக்க, ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 42 விழுக்காட்டு நேரமே விசை மூடியிருந்தால் போதும்.

இதன் திறன் 80 விழுக்காடு எனக் கொள்வோம். 5 வாட் வழங்க மின்கலம் 6.25 வாட் தந்தால் போதும், அஃதாவது 0.52 ஆம்பியர். உள்ளே வருவதைவிட வெளியே செல்லும் ஓட்டம் மிகுதியா எனச் சிலர் ஐயுறலாம். அழுத்தம் குறைந்ததனால் ஓட்டம் பெருகிற்று, ஆற்றல் பெருகவில்லை. 7 ஆம்பியர்-மணி மின்கலமொன்று, ஏட்டுக் கணக்கின்படி, முதல் முறையில் 7 மணி நேரமும் இரண்டாம் முறையில் 13 மணி நேரத்திற்கு மேலும் உழைக்கும். நள்ளிரவில் அணையும் விளக்கிற்கும் விடியுமட்டும் எரியும் விளக்கிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இம்முறையை ஒரே சில்லில் கட்டுப்படுத்தும் வழியை 1976-இல் வந்த எஸ்ஜி1524 காட்டிற்று. 1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியும் விசைமுறை மின்வழங்கியையே கொண்டிருந்தது.

எனினும், பழையதை முற்றும் தள்ளிவிடுதல் தகாது. விசையின் இடைவிடாத துடிப்பு மின்னிரைச்சலை எழுப்பும். 1,50,000-இன் மடங்குகளான 600, 750, 900 கிலோஹெர்ட்ஸ் யாவும் மத்திய அலை வானொலியின் எல்லைக்குள் அடங்குவன. ஆதலின் அருகிலுள்ள வானொலி கரகரக்கக்கூடும். ஒலிவாங்கி, நுண்ணளவைக் கருவி ஆகியவற்றிற்கு அமைதியான நேரியல் சீராக்கியே ஏற்றது. ஓட்டம் 0.02 ஆம்பியர் அளவே ஆயின் இழப்பு 0.14 வாட்தான், அதற்காகச் சுருளும் டையோடும் தேடவேண்டியதில்லை. விசைமுறையால் அழுத்தத்தைப் பெரிதும் குறைத்து, இறுதியில் நேரியல் சீராக்கியால் தூய்மை செய்வதும் உண்டு.

7805-ஐக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் எல்எம்2596-ஐ அப்படியே பொருத்துதல் இயலாது. அதற்குச் சுருள், டையோடு, மின்தேக்கிகள் உடன் வேண்டும். இவை அனைத்தையும் உள்ளடக்கி, 7805-இன் மூன்று துளைகளிலேயே அமரும் சிறு தொகுதிகளும் இன்று கிடைக்கின்றன.

வகுப்பில் இதனை விளக்கப் பெருங்கருவிகள் வேண்டா. இருவகைச் சீராக்கிகளையும் ஒரே சுமையோடு மாறி மாறி இணைத்து, மின்கலத்திலிருந்து வரும் ஓட்டத்தை அம்மீட்டரால் அளந்து கரும்பலகையில் எழுதினால் போதும். அவ்விரண்டு எண்களும் மாணவர்க்கு எஞ்சியதைக் கற்பித்துவிடும்.