‘காலனி’: அடைமொழி இல்லாத ஒரு சொல்லும் அது மறைக்கும் சாதியும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களை நோக்கிச் செல்பவர் கீழ்புத்துப்பட்டைக் கடந்து செல்கிறார். ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் பல பத்தாண்டுகளாக வாழும் குடியிருப்பு அங்கே உள்ளது. அரசு ஏடுகளில் ‘அகதிகள் முகாம்’ என்றிருந்த அதன் பெயர், 2021 ஆகஸ்டில் வந்த அறிவிப்பால் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ ஆயிற்று. ‘முகாம்’ அப்படியே நின்றது. ஏறத்தாழ அதே கதை நிகழ்ந்துகொண்டிருக்கும் இன்னொரு சொல் இக்கடற்கரையின் ஊர்தோறும் உண்டு. அது ‘காலனி’.

குடியேற்றத்தைக் குறித்த இலத்தீன் சொல் ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்தது. ஒரே நாளிதழின் மூன்று பக்கங்களில் அது மூன்று பொருள்களில் வரக்கூடும். தலையங்கத்தில் ‘காலனி ஆட்சி’ என்றால் ஏகாதிபத்தியம். வீட்டுமனை விளம்பரத்தில் ‘பேங்க் காலனி’, ‘டீச்சர்ஸ் காலனி’ என்றால் நடுத்தர வர்க்கத்தின் மதிப்புக்குரிய முகவரி. மாவட்டச் செய்தியில் வெறுமனே ‘காலனியைச் சேர்ந்த இளைஞர்’ என்றால், அவர் தலித் என்பது வாசகருக்கு விளங்கிவிடும். அடைமொழி இருந்தால் தொழில், இல்லாவிட்டால் சாதி. இந்த இலக்கணத்தை எப்பள்ளியும் கற்பிக்கவில்லை. ஆயினும் இதைப் பிழையாகப் புரிந்துகொள்ளும் தமிழரை நான் கண்டதில்லை.

இச்சொல்லை ஊருக்குள் கொண்டுவந்ததில் அரசுக்குப் பெரும்பங்கு உண்டு. சென்னை மாகாணத்தில் 1920-இல் தொழிலாளர் ஆணையர் பதவி ஏற்பட்டபின், ஒடுக்கப்பட்டோருக்கு வீட்டுமனை தேடித்தருவது அரசுப் பணியாயிற்று. 1974-இல் தாட்கோ வந்தது; 1978-இல் மனைகளுக்கான நிலம் எடுக்கத் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. ஆனால் நிலம் எடுக்கப்பட்டது பெரும்பாலும் பழைய சேரி இருந்த திசையிலேயே. ‘ஆதிதிராவிடர் காலனி’, ‘அரிஜன் காலனி’ என்று கோப்பில் எழுதப்பட்டவை பேச்சில் ‘காலனி’ எனச் சுருங்கின. சேரி என்ற சொல்லின் மீதிருந்த இழிவு புதுச்சொல்லின் மீது ஏறிக்கொண்டது.

செய்தியாளர்களுக்கு இது வசதியான சொல். சாதியை எழுதவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், எழுதியும் ஆகிவிடும். ஆனால் இந்தக் குறிப்பு ஒரு தரப்புக்கு மட்டுமே உண்டு. தாக்கப்பட்டவர் ‘காலனிவாசி’, தாக்கியவரோ ‘மர்ம நபர்’, அல்லது ‘மாற்றுச் சமூகத்தினர்’. இறுதியில் எல்லாம் ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்று முடிகிறது.

2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்தில் நடந்த சித்திரை முழுநிலவு விழாவுக்கு இச்சாலை வழியே வாகனங்கள் சென்றன. அன்று மரக்காணத்தில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. அவ்வீடுகள் இருந்த இடத்துக்குக் கட்டையன் தெரு என்ற பெயர் உண்டு. அப்பெயரை எழுதினால் அது ஊரின் ஒரு தெரு. ‘காலனி’ என்று எழுதினால் ஊருக்கு வெளியே எங்கோ நடந்த ஒன்று.

ஒரு வழக்கறிஞராக என் கவலை மொழியோடு முடிவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-இன்கீழ் வழக்கு நிற்க, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்பதும் குற்றம் சாட்டப்பட்டவர் அவ்வாறல்லர் என்பதும் ஆவணத்தில் தெளிவாக வேண்டும். ‘இரு தரப்பு மோதல்’ என்ற நடை புகார் மனுவுக்குள் நுழைந்துவிட்டால், அச்சட்டம் முதல் தகவல் அறிக்கையில் விடுபட எளிதாகிறது. விடுபட்டால், துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டுமென்ற விதி பொருந்தாது. முன்ஜாமீனுக்கான தடை இல்லை. 1995-ஆம் ஆண்டு விதிகளின்படியான தீருதவியும் இல்லை.

2024 ஜூனில் கேரள அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன், பதவி விலகும் நாளில் ‘காலனி’யை நீக்கி ‘நகர்’, ‘உன்னதி’, ‘பிரக்ருதி’ போன்ற பெயர்களைப் பரிந்துரைத்தார். 2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், அச்சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். இரண்டையும் வரவேற்கிறேன். (2018-இல் ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ‘தலித்’ என்ற சொல்லைத் தவிர்க்குமாறு தனியார் தொலைக்காட்சிகளுக்கு அறிவுறுத்தியதும் நினைவுக்கு வருகிறது. நாமே தேர்ந்த பெயர்தான் அவர்களை முதலில் உறுத்திற்று.) ஆனால் நாளை ‘நகரைச் சேர்ந்த இளைஞர் மீது மர்ம நபர்கள் தாக்குதல்’ என்று செய்தி வருமானால், இருந்த ஒரே தடயமும் அழிந்திருக்கும். தெருவின் பெயரை எழுதட்டும். குற்றத்துக்குச் சாதி காரணமாயிருக்கும்போது இரு தரப்பின் சாதியையும் வெளிப்படையாக எழுதட்டும்.

புகார் எழுத உதவும் மாணவத் தோழர்களும் இதையே செய்யலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறும் உரிமையை, இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(2) பிரிவு தருகிறது. நகலைக் காவல் நிலையத்திலேயே நின்று படியுங்கள். 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு அதில் இல்லையென்றால், அன்றே எழுத்து மூலம் கேளுங்கள்.