சர்ச்சுக்கு ஆகாது என்று சொன்ன மெட்டு, கேரலுக்கு வந்தது எப்படி?

டிசம்பர் ராத்திரியில் இராஜாக்கமங்கலம் பக்கம் போனால், கிட்டார், டிரம் சத்தத்தோடு கேரல் ரவுண்ட்ஸ் எதிரே வரும். கூடவே ஒரு பழைய சண்டையும் வரும். இளைஞர்கள் புதுசாக ஒரு பாட்டு எடுத்தால், “இது சினிமா மெட்டு மாதிரி இருக்கே, சர்ச்சுக்கு ஆகுமா?” என்பார்கள் பெரியவர்கள். அதே பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற பாட்டு ‘கேள் ஜென்மித்த’. ஆங்கிலத்தில் ‘ஹார்க்! த ஹெரால்ட்’. அந்த மெட்டின் பூர்வீகம் தெரியுமா?

மெட்டு யாருடையது?

ஜெர்மன் இசையமைப்பாளர் பெலிக்ஸ் மெண்டல்சன் (1809-1847). ரொமான்டிக் காலத்துப் பெரிய பெயர். 1840-ல் அச்சுக்கலையின் 400-வது ஆண்டு விழாவை லைப்சிக் நகரம் கொண்டாடியது. கூட்டன்பர்க்கைப் புகழ்ந்து, ஆண்கள் குழுவும் பித்தளை வாத்தியங்களும் சேர்ந்து திறந்தவெளியில் பாட அவர் போட்ட இசையில் ஒரு பகுதிதான் இது. கிறிஸ்துமஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அவர் என்ன நினைத்தார்?

1843-ல் லண்டன் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், இந்த மெட்டு பாடுகிறவர்களுக்குப் பிடிக்கும், ஆனால் பக்தி வரிகளுக்குச் சரிப்படாது என்றார். ராணுவ நடை மாதிரியான உற்சாகம் அதில் இருந்ததாக அவருக்குப் பட்டது. சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. ‘புனித பவுல்’ (1836), ‘எலியா’ (1846) என்று பைபிள் கதைகளைப் பிரம்மாண்டமான கோரஸ்களோடு இசையாக்கியவர்.

பிறகு எப்படி மாறியது?

வரிகள் அதற்கும் ஒரு நூற்றாண்டு மூத்தவை. சார்லஸ் வெஸ்லி 1739-ல் வெளியிட்டது. பிறகு அதில் மற்றவர்களும் கை வைத்தார்கள். மெண்டல்சன் இறந்து எட்டு வருஷம் கழித்து, 1855-ல், வில்லியம் கம்மிங்ஸ் என்ற இளம் ஆங்கிலேய ஆர்கன் கலைஞர் இரண்டையும் பொருத்தினார். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என நாலு குரலில் கொயர்கள் பாடுவது அந்த வடிவத்தைத்தான்.

நமக்கு என்ன?

லண்டன் மிஷன் 1820-களிலேயே நாகர்கோவிலில் அச்சகம் நடத்தியது. அச்சடித்த பாட்டுப் புத்தகங்கள் பரவியதால்தான் இப்படிப்பட்ட பாட்டுகள் ஊர் ஊராக வேரூன்றின. அச்சுக்காகப் பிறந்த மெட்டுக்கு அது பொருத்தம்தான்.

அதற்காக எந்த மெட்டும் சர்ச்சுக்குச் சரி என்று அர்த்தமில்லை. ஆனால் போட்டவரே ஆகாது என்றதை, பாடிப் பாடியே பக்திப் பாட்டாக்கியவர்கள் சபை மக்கள். அடுத்த பிராக்டீஸில் சண்டை வந்தால், இரண்டு தரப்புமே இந்தக் கதையை ஒருதடவை நினைத்துப் பார்க்கலாம்.