வரிசையில் ஒளிந்திருக்கும் தேதி

புள்ளியியல் வேலைக்கென்றே உருவான கணினி மொழி ஆர். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கியது. அதை நிறுவும்போதே பயிற்சிக்கான தரவுகள் சிலவும் கூடவே வந்துவிடும். அவற்றுள் பெயர்பெற்றது 'ஏர்பாசஞ்சர்ஸ்'. 1949 ஜனவரி முதல் 1960 டிசம்பர் வரை பன்னாட்டு விமானங்களில் பறந்தவர்களின் மாதவாரிக் கணக்கு அது, ஆயிரங்களில். மொத்தம் 144 எண்கள்.

இந்த எண்கள் காலத்தொடராகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. பால் கணக்கு நோட்டில் மேலே மாதத்தை மட்டும் எழுதிவிட்டு, கீழே நாள்வாரியாக லிட்டரைக் குறித்துக்கொண்டே போவோமல்லவா, அதே முறைதான். தொடக்கம், முடிவு, ஆண்டுக்கு 12 என்ற எண்ணிக்கை ஆகிய மூன்றை மட்டும் ஆர் குறித்து வைக்கிறது. 119 எந்த மாதத்துக்கு உரியது? பத்தாவதாக நிற்பதால் 1949 அக்டோபர். எண் நிற்கும் இடமே அதன் தேதி.

ஆனால் வரைபடம் போடவும், வேறு தரவோடு இணைக்கவும் பெரும்பாலான கருவிகள் கேட்பது டேட்டா ஃபிரேம் என்னும் அட்டவணையை. 'ஏஸ்.டேட்டா.ஃபிரேம்' என்று கட்டளையிட்டால் அட்டவணை கிடைக்கும். ஆனால் ஒரே ஒரு பத்தி, பக்கத்தில் 1 முதல் 144 வரை வரிசை எண். மாதமும் ஆண்டும் கண்ணில் படாது. இறங்குவரிசையில் அடுக்கினால் 622, 606, 559 மேலே வரும். எப்போது பறந்த கூட்டம் என்று பார்த்தவுடன் சொல்ல வழியில்லை.

ஆகவே மறைந்திருக்கும் காலத்தை நாமே பத்தியாக எழுதித் தர வேண்டும். 'டைம்' என்ற சார்பு ஒவ்வொரு எண்ணுக்கும் ஆண்டைத் தசமத்தில் தரும். 'சைக்கிள்' மாதத்தை 1 முதல் 12 வரை தரும். இரண்டையும் எண்களோடு சேர்த்து அட்டவணையாக்கி மறுபடி அடுக்கினால், அந்த முதல் மூன்றும் 1960 ஜூலை, 1960 ஆகஸ்ட், 1959 ஆகஸ்ட் என்று தெரிந்துவிடும். கோடையில்தான் கூட்டம்.

தசம ஆண்டில் ஒரு பொறி உண்டு. 1949 பிப்ரவரி 1949.083 என்றும் டிசம்பர் 1949.917 என்றும் வரும். முழு எண்ணாக்க 'ரவுண்ட்' போட்டால் டிசம்பர் அடுத்த ஆண்டுக்குத் தாவிவிடும். தசமத்தை வெட்டிவிடும் 'ஃப்ளோர்'தான் சரி. தொடரின் சுருக்கத்தைக் கேட்டால் ஆர்கூட '1949 முதல் 1961 வரை' என்றுதான் காட்டும். அது 1960.917-இன் முழுமையாக்கம், 1961-க்குத் தரவே கிடையாது. இந்தத் தொல்லை வேண்டாதவர்கள் 'ஜூ' தொகுப்பின் 'இயர்மான்' வடிவத்தை நாடலாம். மாதத்தை மாதமாகவே காட்டும்.

அட்டவணையிலிருந்து காலத்தொடருக்குத் திரும்பும்போதும் கவனம் வேண்டும். இடையில் ஒரு மாதத்தின் வரி விடுபட்டிருந்தாலும் ஆர் முறையிடாது. அதற்குப் பிந்தைய எண்கள் எல்லாம் ஒரு மாதம் முன்னே நகர்ந்து உட்கார்ந்துவிடும். முதலில் விடுபட்ட மாதத்துக்கு வெற்று வரி சேர்த்து, தேதிப்படி அடுக்கி, 144 இருக்கிறதா என்று எண்ணிய பிறகே மாற்ற வேண்டும்.