மணலுக்கு வில்லன் ரப்பர்!

'இரும்பைத் தின்பது எது?'ன்னு கேட்டா, 'துரு'ன்னு சட்டுனு சொல்லிடுவீங்க. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் போர் மோட்டார் சர்வீஸ் பண்றவர்கிட்ட அதே கேள்வியைக் கேளுங்க. 'மணலுங்க'ன்னு பதில் வரும்!

விஷயம் இதுதான். கொங்கு மண்ணுக்கு அடியில் கடினப்பாறை. தண்ணி தேடி ஆயிரம் அடி வரை போர் போடுற ஊர்கள் உண்டு. சிதைந்த பாறையிலிருந்து வர்ற மணலில் குவார்ட்ஸ் இருக்கு. கடினத்தன்மையை அளக்கிற விக்கர்ஸ் அளவில் குவார்ட்ஸ் சுமார் 1000. சாதாரண வார்ப்பிரும்பு 200 சொச்சம்தான். அப்புறம் என்ன, தண்ணியோட சேர்ந்து மேலே வர்ற ஒவ்வொரு மணலும் ஒரு குட்டி உளி!

இம்பெல்லரும் அதைச் சுற்றியுள்ள வளையமும் தேயத் தேய, நடுவில் இடைவெளி பெருசாகும். மேலே போக வேண்டிய தண்ணி அந்தச் சந்து வழியா திரும்பி ஓடும். மோட்டார் என்னமோ சுத்திக்கிட்டேதான் இருக்கும். விவசாயத்துக்குக் கரன்ட் இலவசம்ங்கிறதால, பில்லைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. தண்ணி பாய ஒரு மணி நேரமான தோட்டத்துக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்போதுதான் சந்தேகமே வரும். அப்புறம் பைப்பை எல்லாம் உருவி, மோட்டாரை மேலே ஏத்தி... செலவு தலைக்கு மேல!

இந்தத் தேய்மானத்தைப் படிக்கிற படிப்புக்குப் பேர் 'டிரைபாலஜி'. 1966-ல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தந்த அறிக்கைதான் இந்தப் பேரைப் பிரபலமாக்குச்சு. 1953-லேயே ஆர்ச்சர்டு ஒரு எளிய கணக்கு சொல்லிட்டார்: அழுத்தமும் உரசுற தூரமும் கூடினா தேய்மானம் கூடும்; பொருளின் கடினம் கூடினா குறையும்.

இதைச் சோதிக்க 'ஏ.எஸ்.டி.எம். ஜி65'ன்னு ஒரு முறை இருக்கு. சுத்துற ரப்பர் சக்கரத்துக்கும் உலோகத் துண்டுக்கும் நடுவில் மணலைக் கொட்டுவாங்க. 'ஏ' முறையில் 130 நியூட்டன் அழுத்தம், 6000 சுற்று. முன்னாலும் பின்னாலும் எடை போட்டா, எவ்வளவு போச்சுன்னு தெரிஞ்சிடும். அந்த எடையை அடர்த்தியால் வகுத்து, கன அளவாக்கித்தான் ஒப்பிடணும். இல்லேன்னா கனமான உலோகம் வீணா கெட்ட பேர் வாங்கும்!

'அப்போ ரொம்பக் கடினமான பொருளைப் போட்டா போதுமே?' அங்கேதான் ட்விஸ்ட்! சில பம்புகளில் ஷாஃப்ட்டைத் தாங்குற பேரிங், பள்ளம் வெட்டின ரப்பர். மணல் வந்தா ரப்பர் எதிர்த்து நிக்காது. கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். மணல் உருண்டு பள்ளத்துக்குள் விழும், தண்ணி அடிச்சுட்டுப் போயிடும். முறைச்சு நின்ன இரும்பு தேயுது, வளைஞ்சு கொடுத்த ரப்பர் தப்பிக்குது!

ஃபைனல் இயர் மெக்கானிக்கல் மக்களே, பிராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கலாமான்னு யோசிக்கிறீங்களா? பக்கத்து மோட்டார் கடையில் தேய்ஞ்ச இம்பெல்லர் குவிஞ்சு கிடக்கும். நாலைக் கேட்டு வாங்குங்க. எந்த ஊர் போர், எத்தனை அடி, எத்தனை வருஷம் ஓடுச்சுன்னு விசாரிச்சு எழுதுங்க. எந்த இடத்தில் எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு அளந்து பாருங்க. வைவாவில் எந்தக் கேள்வி வந்தாலும் திணற மாட்டீங்க. உங்க ரிப்போர்ட்டைப் படிக்க ஒரு விவசாயியும் காத்திருப்பார்!