தமனிச் சுவரில் எரிகிற தீயை எண்ணாக்குவது எப்படி?

மூட்டு வீங்கினால் கண்ணுக்குத் தெரியும், தொட்டால் சூடும் தெரியும். பெருந்தமனியின் சுவர் வீங்கினால்? அது நெஞ்சுக்குள், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சோதிப்பதும் லேசில் நடக்காது. அதனால்தான் படம் எடுத்து அழற்சியை அளக்கும் முறைகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முக்கியமாக இரண்டு நோய்கள். ஒன்று டகயாசு ஆர்ட்டரைடிஸ். 1908-ல் மிகிடோ டகயாசு என்ற ஜப்பானியக் கண் மருத்துவர், 21 வயதுப் பெண் ஒருவரின் விழித்திரை ரத்தக்குழாய்கள் விசித்திரமாகப் பின்னிக் கிடப்பதைப் பதிவு செய்தார். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வரும். கைநாடியே கிடைக்காமல் போவதால் 'நாடியற்ற நோய்' என்றும் பெயர். இன்னொன்று 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் ஜயண்ட் செல் ஆர்ட்டரைடிஸ்.

சிடி ஆஞ்சியோ எடுத்தால் குழாய் எங்கே சுருங்கியிருக்கிறது, எங்கே விரிந்திருக்கிறது, சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று தெரியும். ஆனா அந்தத் தடிப்பு ஆறிப்போன தழும்பா, இன்னும் எரிகிற புண்ணா? அதைப் படத்தை வைத்து மட்டும் பிரிப்பது கஷ்டம். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பது இந்தப் பதிலில்தான் தொங்குகிறது.

இங்கேதான் பெட் ஸ்கேன் வருகிறது. அழற்சி இருக்கும் இடத்தில் கூடும் மேக்ரோஃபேஜ் போன்ற செல்களுக்குக் குளுக்கோஸ் பசி அதிகம். குளுக்கோஸ் மாதிரியே இருக்கும் எஃப்டிஜி என்ற பொருளில் ஃப்ளூரின்-18 அணுவைச் சேர்த்து ஊசி போடுகிறார்கள். செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆனால் முழுசாகச் செரிக்க முடியாது. உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எங்கே அதிகம் மாட்டியிருக்கிறதோ அங்கே படம் ஒளிரும். இந்த ஃப்ளூரினின் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம்தான்.

சரி, ஒளிர்வதை எண்ணாக்குவது எப்படி? ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 200 மெகாபெக்கரல் மருந்து போட்டோம் என்று வையுங்கள். உடம்பு முழுக்கச் சமமாகப் பரவினால் ஒரு கிராமுக்கு 4 கிலோபெக்கரல். தமனிச் சுவரில், கதிரியக்கம் சிதைந்ததைச் சரிக்கட்டிய பிறகு, 12 வந்தால் 12-ஐ 4-ஆல் வகுத்து 3. இதுதான் எஸ்யூவி. ரத்தத்திலேயே மிதக்கும் எஃப்டிஜியும் படத்தில் தெரியுமே? அதனால் பெரிய சிரை ஒன்றின் ரத்தத்தில் அளந்து, அதோடு ஒப்பிடுவதும் உண்டு. அங்கே 1.5 இருந்தால் விகிதம் 2.

தினசரி வேலையில் இதைவிட எளிய வழி இருக்கிறது: கல்லீரலோடு ஒப்பிடுவது. தமனியில் ஒளிர்வு இல்லையென்றால் 0, கல்லீரலைவிடக் குறைவு என்றால் 1, சமம் என்றால் 2, அதிகம் என்றால் 3. ஒன்பது தமனிப் பகுதிகளுக்கு இப்படி மதிப்பெண் போட்டுக் கூட்டுவதுதான் பெட்வாஸ். மொத்தம் 27.

எண் வந்துவிட்டது என்பதற்காக அப்படியே நம்பிவிட முடியாது. ரத்தச் சர்க்கரை அதிகமாக இருந்தால் எஃப்டிஜிக்குப் போட்டி வந்துவிடும். அதனால்தான் குறைந்தது ஆறு மணி நேரப் பட்டினி. ஸ்டீராய்டு தொடங்கி மூன்று நாளுக்குள் எடுத்தால் ஒளிர்வு பெரும்பாலும் தெரிகிறது. பத்து நாள் ஆனால் மங்கத் தொடங்கிவிடும். ஜயண்ட் செல்லில் பார்வையே போகும் அபாயம் இருப்பதால், ஸ்கேனுக்காக மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது. வயதானவர்களுக்குக் கொழுப்புப் படிந்த சுவரும் ஒளிரும். போதாததற்கு, தமனிச் சுவரின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். பெட் படத்தின் மங்கலும் அதே அளவுதான். ஆக, மெல்லிய சுவரில் எண் உண்மையைவிடக் குறைவாகவே வரும்.

அப்புறம் எதற்கு இந்தப் பாடு? இஎஸ்ஆர், சிஆர்பி பார்த்தால் போதாதா? டோசிலிசுமாப் மருந்து இன்டர்லூகின்-6-ன் வழியை அடைக்கிறது. சிஆர்பி உற்பத்தியைத் தூண்டுவதும் அதே இன்டர்லூகின்-6. எனவே உள்ளே நோய் இருந்தாலும் ரத்த அறிக்கை 'நார்மல்' என்றே வரலாம். அப்போது படம்தான் துணை.

ஆனால் என்னை உறுத்துவது வேறொன்று. நோய் அடங்கிவிட்டது என்று மருத்துவர் கருதியவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு பெட்டில் ஒளிர்வு இருந்ததாக 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. அவர்களில் மதிப்பெண் 20-ஐத் தாண்டியவர்களுக்கு நோய் திரும்பியது கூடுதல். அதற்காக வலியும் காய்ச்சலும் இல்லாத ஒரு இளம்பெண்ணுக்கு, ஒளிர்வை மட்டும் பார்த்து ஸ்டீராய்டைக் கூட்டலாமா? எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். கூட்டாமல் விட்டால் தமனி மெல்ல அடைபடலாம்.

என் வாசிப்பில் தேறியது இதுதான்: ஒற்றை ஸ்கேனின் எண்ணைவிட, அதே கருவியில், அதே காத்திருப்பு நேரத்தில் எடுத்த இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே உள்ள மாற்றம் அதிகம் பேசும். அதோடு இரண்டு கையிலும் நாடி பார்த்து, ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவதும் இன்னும் காலாவதி ஆகிவிடவில்லை. டகயாசுவுக்காக இந்திய மருத்துவர்கள் உருவாக்கிய ஐடாஸ் 2010 மதிப்பெண் அந்த மாதிரிப் படுக்கையோரச் சோதனைகளை நம்பித்தான் நிற்கிறது. அதையும் பெட் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பற்றி அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.